சித்தப்பா சொல்லிக்கொண்ட சொல்

அந்தச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது எங்கள் கொல்லையில். கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்னால் இருப்பது இல்லை. அரியலூர்ப் பக்கம் மழையை நம்பிப் பயிர் வைக்கிற காட்டைத்தான் கொல்லை என்போம். எங்களுடையது கம்பும் துவரையும் விளைகிற மேட்டுக் கொல்லை. கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் சுண்ணாம்புக்கல். அப்பா அந்தக் கல்லைத் திட்டிக்கொண்டே உழுவார். சிமெண்டுக் கம்பெனிக்காரர்கள் அந்தக் கல்லுக்காகத்தான் வந்தார்கள்.

அப்போது நான் ஏழாவது. அதற்குமேல் ஒரு வருஷம்தான் படித்தேன்.

கொல்லையைக் கொடுத்தால் பணம் உண்டு, பட்டாவுக்கு ஓர் ஆளுக்குக் கம்பெனியில் வேலையும் உண்டு என்றார்கள். எங்கள் பட்டாவில் இரண்டு பெயர் இருந்தது. ஒன்று அப்பா. இன்னொன்று அவர் தம்பி, என் சித்தப்பா. பாகம் பிரிக்காத சொத்து. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வேலை.

அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். சித்தப்பா பத்தாவதை மூன்று முறை எழுதிப் பாஸ் செய்தவர். கல்யாணம் ஆகவில்லை. அவரைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் வளர்த்தது அப்பாவும் அம்மாவும்தான். நாங்கள் மூன்று பெண்கள். நான் நடு.

அப்பா அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

“படிச்சவன் நீ. நீதான் போவணும்.”

“நீ போண்ணே. நான் எங்கியாச்சும் பொழச்சுக்குவேன்.”

“பேசாத. உனக்குத்தான்.”

இதே பேச்சு ஒரு மாசம் நடந்தது. சித்தப்பா எப்படிக் கேட்டாலும் அப்பா அதையேதான் சொன்னார். தம்பிக்கு உத்தியோகம், தனக்குக் கூலி என்று மனசில் முடிபோட்டுவிட்டார். யாரிடம் கூலி என்று அவருக்கும் தெரியாது. சுற்றிலும் எல்லாக் கொல்லையும் போகிறது. களை வெட்டக்கூட இடம் இருக்காது. கம்பெனி வேலை எங்கள் வீட்டுக்கு வந்தால்தான் உலை கொதிக்கும். சித்தப்பாவுக்கு வந்தால் நாளைக்கு அவருக்கு ஒருத்தி வருவாள். அவள் கையைப் பார்த்துக்கொண்டு அப்பா உட்கார முடியுமா? அம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் கொழுந்தனாருக்கு வேண்டாம், புருஷனுக்குக் கொடு என்று அவள் எப்படிக் கேட்பாள்? சோறு போட்டு வளர்த்தவள். அடுப்பை ஊதிக்கொண்டு இருந்துவிட்டாள்.

மரத்துக்குத் தனியாகப் பணம் என்று ஒரு பேச்சு வந்தது. கொல்லையில் நிற்கிற மரத்தை எண்ணி எழுதிக்கொள்வார்களாம். விவரமானவர்கள் இது தெரிந்து முன்னமே கன்று நட்டிருந்தார்கள். எங்கள் கொல்லையில் நின்றது இரண்டு வேம்பு. வரப்பில் தாத்தா வைத்தது.

சித்தப்பா ஒரு காரியம் செய்தார். ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு சொந்தக்காரர் தோப்பில் முந்திரிக் கிளைகளை வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கொல்லையில் குழி போட்டு, வரிசை பிடித்து நட்டு, அடியில் கல்லை வைத்து மிதித்துத் தண்ணீர் ஊற்றினார். சில கிளையில் பழம் தொங்கியது. அதையும் அப்படியே விட்டுவிட்டார். காய்க்கிற மரத்துக்கு அதிகம் தருவார்கள் என்று அவர் எண்ணம். தூரத்திலிருந்து பார்த்தால் தோப்புப் போலத்தான் இருந்தது. எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் வரவேண்டிய ஆபீசர் இரண்டு நாள் தள்ளி வந்தார். சித்திரை வெயில். இலை எல்லாம் தொங்கிவிட்டது. ஆபீசர் ஒரு பழத்தைப் பறிக்கக் கை வைத்தார். மரம் கையோடு வந்துவிட்டது.

வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சிரித்தது. “பழத்தோட நட்டிருக்கான் பாருய்யா, நாளைக்கே கொட்ட பொறுக்கலாம்!” என்றார் ஒருத்தர்.

“யோவ், என்னய்யா மரம் இது?” என்றார் ஆபீசர்.

“முந்திரி சார்.”

“அது தெரியுது. வேரு எங்க?”

சித்தப்பா தலையைச் சொறிந்தார். “இனிமேதான் வுடும் சார்.”

ஆபீசருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் கோபம் வந்தது. கூட வந்த எழுதுகிற ஆளிடம், “வெரி கன்னிங் ஃபெலோ” என்றார். எங்கள் கொல்லையில் மரமே இல்லை என்று எழுதச் சொன்னார். அப்பா இரண்டடி முன்னால் வந்து, “அந்த வேம்பு ரெண்டும் எங்கப்பா வெச்சது சார்” என்றார். ஆபீசர் திரும்பவில்லை. அடுத்த கொல்லைக்குப் போய்விட்டார்.

அப்பா சித்தப்பாவைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு, “அவனுக்குத்தான் வேலை. அது மாறாது” என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் நான் அடிபம்பில் தண்ணீர் அடித்தேன். சித்தப்பா வந்து பம்புக் கையை வாங்கிக்கொண்டார்.

“ஏ புள்ள, அந்தாளு என்னப் பாத்து இங்கிலீசுல என்னமோ சொன்னானே. என்னா அது?”

“கன்னிங்.”

“அப்புடின்னா?”

“தெரியாது சித்தப்பா. டீச்சரக் கேட்டுட்டு வரேன்.”

“கேளு. ஏன் கேக்குறன்னு சொல்லாத.”

எங்கள் இங்கிலீஷ் டீச்சர் திருச்சியிலிருந்து பஸ் மாறி வருவார். வந்ததும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரும் எதுவும் கேட்க மாட்டீங்களா என்பார். யாரும் கேட்க மாட்டோம். அன்றைக்கு நான் கேட்டேன். அவருக்கு எவ்வளவு சந்தோஷம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“நரிக்குச் சொல்றது. தி ஃபாக்ஸ் இஸ் கன்னிங். அடுத்தவன ஏமாத்துறதுக்குன்னே ஓடுற புத்தி. ஆனா முன்ன அப்படி இல்ல. ரொம்பக் காலத்துக்கு முன்னாடி அந்தச் சொல்லுக்குத் தெரிஞ்சவன், அறிஞ்சவன்னுதான் அர்த்தம். அவங்க ஊர்ல மாடு காணாமப் போனா, கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லன்னா, விவரம் தெரிஞ்ச ஆளுன்னு ஒருத்தர்கிட்ட ஓடுவாங்க. அவருக்கே அதுதான் பேரு.”

“அப்புறம் ஏன் டீச்சர் நரிக்குப் போச்சு?”

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். “ஒருத்தனுக்கு நம்மளவிட நெறைய தெரிஞ்சா நமக்குச் சந்தேகம் வந்துருதுல்ல. இவன் நமக்கு என்ன பண்ணுவானோன்னு. அந்தச் சந்தேகம் சொல்லு மேல ஏறிக்கிச்சு.”

பிறகு எப்படிப் பேச்சில் வைப்பது என்று சொன்னார். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். நேருக்கு நேர் சொன்னால் சண்டை வரும். பணக்காரனைச் சொல்லும்போது கெட்டிக்காரன் என்பார்கள், அதே வேலையை இல்லாதவன் செய்தால் இந்தச் சொல்லைப் போடுவார்கள். “ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க. தன்னைப் பத்தி எவனும் இந்தச் சொல்லச் சொல்லிக்க மாட்டான். சொல்லிக்கிட்டா அப்புறம் அவன யாரு நம்புவா?”

வீட்டுக்கு வந்து ஒன்றுவிடாமல் சித்தப்பாவிடம் ஒப்பித்தேன். மாட்டுக்குக் கம்பந்தட்டை நறுக்கிக்கொண்டிருந்தார். தெரிந்தவன் என்று அர்த்தம் என்றதும் நிமிர்ந்தார்.

“அந்தாளு அந்த அர்த்தத்துலயா சொன்னான்?”

“இல்ல சித்தப்பா. அது முன்ன. இப்ப நரி.”

“அதானே பாத்தேன்” என்று சிரித்தார். திரும்ப நறுக்கினார். பிறகு அரிவாளைக் கீழே வைத்தார்.

“தன்னத்தானே சொல்லிக்கிட்டா என்ன ஆவும்னு சொன்ன?”

“யாரும் நம்ப மாட்டாங்களாம். அதனால யாரும் சொல்லிக்க மாட்டாங்களாம்.”

“தமிழ்ல பேசுறப்ப அத எப்புடிப் போடுறது?”

“கன்னிங்கான ஆளுன்னு சொல்லலாம்.”

“கன்னிங்கான ஆளு” என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். என் தலையில் தட்டிவிட்டுத் தட்டையை அள்ளிக்கொண்டு போனார்.

வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் பஞ்சாயத்து ஆபீசில் உட்கார்ந்தார்கள். சன்னல் வழியாக நாங்கள் பார்த்தோம். கண்ணாடி போட்ட பெரிய ஆபீசர் நடுவில். பக்கத்தில் மரம் எண்ணின ஆபீசர். அப்பா பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கி, தேய்த்து, சித்தப்பாவுக்குப் போட்டுவிட்டிருந்தார். மேல் பித்தானையும் அவரே மாட்டிவிட்டார். தான் அழுக்குத் துண்டோடு சுவர் ஓரம் நின்றார்.

மரம் எண்ணின ஆபீசர் மனசில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. நல்ல மனுஷன். “பத்தாவது பாஸ் சார். சுறுசுறுப்பான பையன்” என்றார்.

பெரியவர் சாந்தமாகக் கேட்டார். “என்னப்பா, சொன்ன வேலையச் செய்வியா? ஒழுங்கா இருப்பியா?”

இருப்பேன் சார் என்று ஒரு வார்த்தை. அதோடு முடிந்திருக்கும். அப்பா உதடு அதைச் சொன்னதை நான் பார்த்தேன்.

சித்தப்பா ஒரு காலை முன்னால் வைத்து, கையைக் கட்டாமல் நின்றார்.

“சார், ஒண்ணு சொல்லிக்கிறேன். நான் கன்னிங்கான ஆளு.”

பெரியவருக்குப் புரியவில்லை. “என்னது?”

“கன்னிங் சார். இந்தச் சாரே சொன்னாரு. முந்திரிக் கெளைய நட்டு மரமுன்னு காட்டுனது நான்தான். உள்ள வந்தாலும் அப்புடித்தான் இருப்பேன். மேஸ்திரி ஒண்ணு சொன்னா நான் ஒண்ணு சொல்லுவேன். நாலு பேரச் சேத்துக்கிட்டுக் கம்பெனி கேட்டுல உக்காருவேன். பின்னாடி சொல்லலன்னு சொல்லக் கூடாது பாருங்க.”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மரம் எண்ணின ஆபீசர் குனிந்துகொண்டார்.

“பட்டாவுல வேற யாரு இருக்கா?”

“எங்கண்ணன் சார். அதோ நிக்கிறாரு. அவருக்கு இந்தச் சூதெல்லாம் தெரியாது. மாடு மாதிரி ஒழைப்பாரு. வாயே தொறக்க மாட்டாரு.”

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. அப்பாவை முன்னால் வரச் சொன்னார்கள். அவர் துண்டை இடுப்புக்கு இறக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

“கையெழுத்துப் போடுவியா?”

“போடுவேங்க.”

அவ்வளவுதான். அப்பா பேரை எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் சித்தப்பாவை அடிப்பார் என்று நினைத்தேன். அப்பா அவரை அடித்ததே இல்லை. அன்றைக்கும் அடிக்கவில்லை.

“மாடுன்னுட்ட. இருக்கட்டும்” என்றார். “சட்டையக் கழட்டிக் குடு. வாங்குன எடத்துல குடுக்கணும்.”

சித்தப்பா தெருவிலேயே கழற்றி மடித்துக் கொடுத்தார். வெற்று உடம்போடு எங்களுக்கு முன்னால் நடந்து போனார். பின்னால் பையன்கள், “கன்னிங்கு போறான்டா, வழி வுடுங்கடா” என்று கத்தினார்கள். ஊரில் அவருக்கு அதுவே பேராகிவிட்டது. அப்பா அதன் பிறகு அவரிடம் பேசவில்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட ஆத்திரம். தன்னைப் பற்றி எவனும் சொல்லிக்க மாட்டான் என்று டீச்சர் சொன்னதை நான் தெளிவாகச் சொல்லியிருந்தேன். பத்தாவது படித்தவருக்கு இதுகூட மண்டையில் ஏறவில்லையே என்று நினைத்தேன். டீச்சரிடம் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவே இல்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொல்லை போய்விட்டது. வேம்பு இரண்டும் எப்போது சாய்ந்தது என்று தெரியாது. அப்பா வேலை பார்த்தார். கல் ஓடுகிற பெல்ட்டிலிருந்து சிந்துகிறதை அள்ளித் திரும்பப் போடுகிற வேலை. அந்தச் சம்பளத்தில்தான் அக்காவையும் என்னையும் தங்கச்சியையும் கட்டிக் கொடுத்தார். என்னைக் கொடுத்தது பெரம்பலூர்ப் பக்கம், செட்டிகுளத்துக்கு அருகில். வெங்காயம் போடுகிற குடும்பம்.

அப்பா வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சித்தப்பா திருப்பூருக்குப் போனார். பனியன் கம்பெனியில் மூட்டை கட்டினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொங்கலுக்கு வருவார். அவர் வருகிற நாளில் அப்பா ஷிப்ட் மாற்றிக்கொள்வார். என் கல்யாணத்துக்கு வந்து கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, எச்சில் இலை எடுக்கிறவர்களோடு சேர்ந்து இலை எடுத்துவிட்டுப் போனார். அண்ணனும் தம்பியும் ஒரே பந்தலில் நின்றார்கள். பேசவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் திருப்பூரிலேயே காய்ச்சலில் செத்துப் போனார். கூட வேலை பார்த்தவர்கள் வண்டி பிடித்துக் கொண்டுவந்தார்கள். அப்பா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. “கையில கெடச்சத எட்டி ஒதச்சவன்” என்றார்.

காரியத்தன்று அம்மாவும் நானும் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பூசணிக்காய் அரிந்தோம். அம்மா தலை நிமிராமல் பேசினாள்.

“ஆளு எடுக்க வந்தாங்கல்ல, அதுக்கு மொத நாளு எங்கிட்ட வந்தான்டி. அண்ணி, அண்ணனால இன்னொருத்தன் கீழ நின்னு வேல செய்ய முடியுமான்னு கேட்டான். புள்ளைங்களுக்காகச் செய்வாருன்னேன். அப்ப சரின்னுட்டுப் போயிட்டான்.”

என் கத்தி நின்றுவிட்டது. “நீ அப்பாகிட்ட சொல்லலியா?”

“என்னத்தச் சொல்ல? தம்பி வுட்டுக் குடுத்ததுன்னு தெரிஞ்சா மறுநாளே போயி, வேல வேணாம்னு சொல்லிட்டு வந்துருப்பாரு. அவர எனக்குத் தெரியாதா? மூணு பொட்டப் புள்ளைங்க.”

“இப்பச் சொல்லலாமில்ல?”

“இப்பச் சொல்லி? அவரு ஒக்காந்து அழுவுறத நான் பாக்கணுமா? வாய மூடிக்கிட்டு அரி.”

அரிந்தேன்.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. ரிட்டையர் ஆகி வீட்டில் இருக்கிறார். மூச்சு வாங்குகிறது. கம்பெனி கொடுத்த கடிகாரத்தைத் துடைத்து மாட்டுகிறார். தம்பி பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். நானும் சொல்லவில்லை. சொன்னால் இத்தனை வருஷம் தின்ற சோறெல்லாம் அவருக்குத் தொண்டையில் திரும்ப வரும்.

அப்பா வேலைக்குப் போன முதல் நாளைத்தான் நான் அடிக்கடி நினைக்கிறேன்.

கம்பெனியில் பூட்சு கொடுத்திருந்தார்கள். அப்பா செருப்பே டவுனுக்குப் போனால்தான் போடுவார். பூட்சுக்குள் காலை விட்டுவிட்டு, கயிற்றை என்ன செய்வது என்று தெரியாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். யாரையும் கூப்பிடவில்லை. சித்தப்பா உள்ளேயிருந்து வந்து கீழே மண்ணில் உட்கார்ந்தார். அப்பாவின் காலை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். அப்பா தெருவைப் பார்த்தார். காலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

சித்தப்பா கயிற்றைக் கோத்துக் கட்டினார். கட்டியதை அவிழ்த்தார். அப்பாவின் கையைப் பிடித்து அதில் கயிற்றை வைத்தார். அப்பா கட்டினார். அவிழ்ந்துவிட்டது. திரும்பவும் வைத்தார். அப்பா கை தடித்த கை. ஏர் பிடித்த கை. சித்தப்பா அவசரப்படவில்லை. கடைசியில் முடிச்சு நின்றது. சித்தப்பா இழுத்துப் பார்த்தார். இன்னொரு காலையும் அப்பாவே கட்டும் வரை எழுந்திருக்கவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. சமையல்கட்டுக்கு ஓடினேன். “அம்மா, அவங்க சேந்துக்கிட்டாங்க” என்றேன்.

அம்மா வாழையிலையில் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இரண்டு பொட்டலம் இருந்தது. ஒன்று அப்பாவுக்கு. பெரியதாக இருந்த இன்னொன்று பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போக எனக்குத்தான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.